என் வரப்பில் முளைத்த காட்டுப்பருத்தி

ஏந்தாயி, காயில கை வைக்காதீக! பூவைத் தொடுங்க, இலையைத் தொடுங்க, ஒண்ணும் செய்யாது. காயைத் தொட்டா சுணை ஏறிரும். உள்ளங்கை பூரா செவந்து தடிச்சு, சோத்துல கை வைக்க முடியாது. பட்டவ சொல்லுதேன்.

படம் எடுக்கணுமா? எடுங்க, எடுங்க. ஆனா சட்டுன்னு எடுத்துக்கோங்க. இன்னுஞ் செத்த நேரத்துல இந்தச் செடி இங்க இருக்காது. கையில மம்பட்டி வச்சிருக்கனே, பாக்கலையா? அடியோட வெட்டிச் சாய்க்கத்தான் விடிஞ்சும் விடியாம வந்திருக்கேன்.

காலேஜிலருந்தா வந்திருக்கீக? இந்தச் செடியைத் தேடியா இம்புட்டுத் தூரம்? நல்லாத்தான் இருக்கு போங்க. அதுக்கு யாரும் தண்ணி ஊத்துனதில்ல, யாரும் ஏறிட்டுப் பாத்ததில்ல. ஓடங்கரையில, உடைமரத்து அண்டையில, வேலியோரத்துல தானா மொளைச்சுத் தானா சாகுறது. அதைத் தேடி ஒரு படிச்ச பிள்ளை வெயில்ல அலையுது. சரி, இந்த மரத்தடியில உக்காருங்க. முள்ளு கெடக்கும், பாத்து. மம்பட்டியை இந்தச் செடியில சாத்தி வச்சுட்டு நானும் உக்காருதேன். வெட்டுறதுக்கு முன்னால யாருகிட்டயாவது சொன்னாத்தான் எனக்கும் ஆத்திரம் அடங்கும்.

அந்தா, ஓடையை ஒட்டி வரிசையா மஞ்சப்பூவாத் தெரியுது பாருங்க. அது எங்க மதினி கனியம்மா புஞ்சை. எங்க அண்ணன் பொஞ்சாதி. அந்த வரிசையை வெதச்சது நானு. நம்ம உக்காந்திருக்கிறது என் புஞ்சை. எங்கய்யா எனக்குன்னு பிரிச்சுக் குடுத்தது. இந்த வரப்புல நிக்கிறதை வெதச்சது நான் இல்ல. அங்க நான் வெதச்சேன், இங்க அவ வெதச்சிருக்கா. இதுதான் சண்டை.

சண்டைன்னா இன்னைக்கு நேத்துச் சண்டை இல்ல தாயி.

என் மக மாரீஸ்வரி. ஒத்தைப் பிள்ளை. எங்க அண்ணன் மகன் சோலைராஜ். ரெண்டும் பொறந்ததுலருந்தே இவளுக்கு அவன், அவனுக்கு இவள்னு ஊரு பூரா பேசினதுதான். முறைப்பொண்ணு, முறைமாப்பிள்ளை. இதுல கேக்கிறதுக்கு என்ன இருக்கு? பிள்ளை நர்ஸ் படிப்பு முடிச்சு மதுரையில வேலைக்குச் சேந்தா. அவனும் லாரி செட்டுல நல்லபடியாத்தான் இருந்தான். அண்ணன் வீட்டுலருந்து இன்னைக்கு வருவாக, நாளைக்கு வருவாகன்னு பாக்கேன், ஒருத்தரும் வரல. மொறைப்படி அவுகதான் பொண்ணு கேட்டு வரணும். சரி, கூடப்பொறந்த அண்ணன்தானே, நம்ம போனா என்ன, தலையா போயிரும்னு நெனச்சேன்.

எங்க குலசாமி கோயில் பொங்கலுக்குச் சொந்தம் பூரா கூடும். அன்னைக்குத் தாம்பாளத்துல வெத்தலை, பாக்கு, பூ, பழம், தேங்கா எல்லாம் வச்சுக் கொண்டு போனேன். தட்டை வாங்கிக்கிட்டா சம்மதம்னு அர்த்தம். அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டிருக்காக. நான் நீட்டுதேன். எங்க அண்ணன் கை வருது வாங்க. கனியம்மா எந்திரிச்சா. அண்ணன் கையைத் தட்டி விட்டா. தட்டைப் பிடிச்சு என் பக்கமாத் திருப்பி விட்டா. "இது நமக்கு ஒத்து வராது, கொழுந்தியா"ன்னா. அம்புட்டுத்தான். ஏன்னு ஒரு வார்த்தை கெடையாது, எதுக்குன்னு ஒரு வார்த்தை கெடையாது.

தேங்கா உருண்டு போச்சு தாயி. யாரோ எடுத்துக் கொண்டாந்து குடுக்காக. அதை வாங்கித் திரும்பவும் தட்டுல வச்சனே, அந்த நேரத்துல என் உடம்பு எரிஞ்ச எரிச்சல் இன்னும் அணையல. நான் அழுகல. அழுதா அவளுக்குச் சந்தோசமாயிரும். இவ வெள்ளாமையில மண்ணு விழணும், இவளும் பத்துப் பேரு முன்னால வெறுங்கையோட நிக்கணும், அதைக் கண்ணால பாத்தப்பறந்தான் எனக்குச் சாவு வரணும்னு அந்தச் சாமி முன்னாலயே கேட்டேன்.

எங்க வீட்டுக்காரரு, "விடு, வேற எடம் இல்லையா"ன்னாரு. அவரு எதையும் விட்டுருவாரு. வேட்டி அவுந்தாலும் விட்டுருவாரு.

எப்படிப் பழி வாங்கறதுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். அவ பருத்தியில தீ வைக்கலாமான்னா, பக்கத்துல நம்ம பருத்தி. ஆட்டை விட்டு மேய்க்கலாமான்னா, ஆடு நம்ம ஆடுன்னு ஊருக்கே தெரியும். அப்பத்தான் பஞ்சாயத்து ஆபீஸ்ல விவசாயக் கூட்டம் போட்டாக. ஆபீசர் வந்திருந்தாரு. இந்தச் செடியை ஒண்ணு கையில பிடிச்சுக்கிட்டு, "பருத்திக்கு வாரது பூரா மொதல்ல இதுலதான் வந்து ஒக்காரும். செவப்புப்பூச்சி, மாவுப்பூச்சி, காய்ப்புழு, அம்புட்டும் இதுல குடும்பம் நடத்திட்டுத்தான் பருத்திக்கு வரும். இதும் பருத்தியும் ஒரே சாதி. செம்பருத்தியும் அதே சாதிதான்"னாரு. எனக்கு அம்புட்டுச் சந்தோசம். சாமி கேட்டுருச்சுன்னு நெனச்சேன். இன்னும் என்னென்னமோ பேசிக்கிட்டிருந்தாரு. நான் எந்திரிச்சு வந்துட்டேன். நமக்கு வேண்டியது கெடைச்சிருச்சு, அப்புறம் எதுக்கு உக்காரணும்?

அதுலருந்து இதே வேலைதான் எனக்கு. ஓடங்கரை பூரா அலைஞ்சேன். இது எங்கெங்க நிக்கும், எப்பப் பூக்கும், காய் எப்ப முத்தும்னு பாத்துப் பாத்து வச்சேன். உழுத காட்டு நடுவுல வராது. ஓரஞ்சாரத்துலதான் வரும். பாதி வெயிலு, பாதி நெழலு, காலடியில கொஞ்சம் ஈரம். விட்டா ஒரு ஆள் ஒசரத்துக்கு வளரும். தண்டு, இலை, காம்பு எல்லாத்துலயும் மொசுமொசுன்னு முடி. இலை திராட்சை இலை மாதிரி மூலை மூலையா விட்டிருக்கும். பூவைப் பாருங்க, தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத பொம்பளை கணக்கா நிக்குது. வெளிய மஞ்சளு, நடுவுல ரத்தம் கட்டுன கலரு. காலையில வெயில் வந்ததும் விரியும், மத்தியானம் சுருங்கிரும். கனியம்மாவைப் பாத்தாலும் அப்படித்தான், குனிஞ்ச தலை நிமிராது. நடுவுல என்ன கலருன்னு எனக்குத்தான் தெரியும்.

காய்தான் விசேசம். அஞ்சு ரெக்கை வச்சுத் தொங்கும். காஞ்சா வெடிக்கும். வெடிக்கிறதுக்கு முன்னால பறிக்கணும். பறிச்சனா, சுணை ஏறிருச்சு. ரெண்டு உள்ளங்கையும் செவந்து கொப்புளம் கொப்புளமா. சோறு தின்ன முடியல, சாணி அள்ள முடியல. இருக்கட்டும்னு இருந்தேன். பழி வாங்கணும்னா நமக்கும் கொஞ்சம் வலிக்கத்தானே செய்யும்.

மொத வருசம் வெதச்சது ஒண்ணும் மொளைக்கல. வெதை கல்லு மாதிரி. அடுத்த வருசம் அம்மிக்கல்லுல லேசாத் தேச்சு, ராத்திரி பூரா சுடுதண்ணியில ஊறப்போட்டு, புரட்டாசி மழைக்கு அவ புஞ்சையில ஓடங்கரை வரப்பு நெடுகக் குழி போட்டு வெதச்சேன். ஏன் அந்தப் பக்கம்னா, எனக்கும் அவளுக்கும் நடுவுல இருக்கிறது பொது வரப்பு. அதுல வெதச்சா பூச்சி என் புஞ்சைக்கும் வந்துரும். நான் என்ன முட்டாளா?

அவ கண்ணுல படாம ஒரு மத்தியானத்துல உக்காந்து வெதச்சேன். மொளைச்சுது தாயி! பருத்தியை விட வேகமா மொளைச்சுது. கார்த்திகையில பூத்துச்சு. பூச்சி வந்துச்சு. செவப்புப்பூச்சி அப்பிக் கெடந்துச்சு. எனக்குச் சோறே எறங்கல, சந்தோசத்துல. தெனம் ஒரு நடை வந்து எட்டிப் பாத்துட்டுப் போவேன். இன்னைக்குப் பருத்திக்கு ஏறும், நாளைக்கு ஏறும்னு இருக்கேன்.

கனியம்மா என்ன செஞ்சா தெரியுமா? காலையில ஒரு பழைய டப்பாவுல தண்ணி ஊத்தி, அதுல மண்ணெண்ணெய் கொஞ்சம் விட்டு, ஒவ்வொரு செடியாக் குனிஞ்சு கிளையை டப்பாவுக்குள்ள உலுப்புனா. பூச்சி பூரா தண்ணியில விழுந்து செத்துச்சு. மறுநாளும் அதே. அதுக்கு மறுநாளும் அதே. செடியைப் பிடுங்கல. பிடுங்குனாத்தான் நான் மறுபடி வெதைப்பேனே! பிடுங்கல. பூச்சிக்கு அந்தச் செடி ருசி கண்டு போச்சு, அவ பருத்திப் பக்கமே போகல. தெனம் காலையில உலுப்பி உலுப்பி அவ புஞ்சையைச் சுத்தமா வச்சிருந்தா.

என் பருத்திக்கு எந்தச் செடி இருக்கு? நேரா வந்து ஏறிருச்சு. காய் பூரா சொத்தை. வெடிச்ச பஞ்சு மஞ்சமஞ்சளாக் கறை பிடிச்சுக் கெடக்கு. நான் வெதச்ச செடி அவளுக்குக் காவல் காக்குது, என் புஞ்சையைப் பூச்சி திங்குது. இதுக்கு என்ன சொல்லுவீக? அவளுக்கு எப்பவுமே அப்படித்தான், மத்தவுக கை வேலையில பேரு வாங்கிருவா.

இருங்க, இன்னும் இருக்கு. பங்குனியில அதே ஆபீசர் வந்தாரு. திரும்பக் கூட்டம். "இந்த ஊர்ல ஒருத்தரு நான் சொன்ன மாதிரியே ஓரத்துல பொறிப்பயிர் வச்சு வெள்ளாமையைக் காப்பாத்தியிருக்காக"ன்னு பேசுதாரு. பொறிப்பயிராம். பூச்சியை இழுத்துப் பிடிக்கிறதாம். அன்னைக்கு நான் எந்திரிச்சு வந்ததுக்கு அப்புறம் அதைத்தான் சொல்லியிருக்காரு, பாவி மனுசன். கனியம்மாவை மேடைக்குக் கூப்பிட்டாக. அவ எந்திரிச்சு, குனிஞ்ச தலையோட, "நான் ஒண்ணும் செய்யல. அது எங்க கொழுந்தியா ராமுத்தாய் வெதச்சது. வேகாத வெயில்ல உக்காந்து வெதச்சுச்சு. நான் மரத்தடியிலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்"னா.

பாத்துக்கிட்டு இருந்திருக்கா! பூராத்தையும்!

அப்புறம் என்ன, என்னை மேடைக்கு இழுத்துட்டுப் போனாக. அவ கையாலயே எனக்குச் சால்வை போத்த வச்சாக. ஊரு கை தட்டுது. "கோவம் இருந்தாலும் சொந்தம் விட்டுப் போகுமா"ன்னு தலைவரு பேசுதாரு. என் பருத்தி பூரா சொத்தை, என் கழுத்துல சால்வை. கனியம்மா என் காதுகிட்ட வந்து, "ரொம்ப நன்றி கொழுந்தியா"ன்னா. அவ நெசமாச் சொன்னாளா, நக்கலுக்குச் சொன்னாளா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நக்கலுக்குச் சொல்லியிருந்தாக் கூட மன்னிச்சிருவேன். நெசமாச் சொல்லியிருந்தா மன்னிக்கவே மாட்டேன்.

வீட்டுக்கு வந்து சால்வையை அடுப்புல போடப் போனேன். மாரீஸ்வரி லீவுக்கு வந்திருந்தா. கையைப் பிடிச்சுட்டா. "போதும்மா. அத்தையை விட்டுரு"ங்கா. அந்தத் தட்டைத் திருப்புனவளை விடவாங்கேன். பிள்ளை அப்படியே தரையில உக்காந்துட்டா. "தட்டைத் திருப்பச் சொன்னது நாந்தாம்மா"ங்கா.

சோலைராஜ் மேல அவளுக்கு அந்த நெனப்பே இல்லையாம். சின்னப் பிள்ளையிலருந்து ஒண்ணா வளந்ததுல அண்ணன் மாதிரியாம். முறைமாப்பிள்ளையை அண்ணங்கா, கேட்டீகளா கூத்தை? அவனுக்கும் இஷ்டம் இல்லையாம். பொங்கலுக்கு முந்தின நாளு அத்தை வீட்டுக்குப் போயி, மடியில தலை வச்சு அழுதாளாம். "அம்மாகிட்டச் சொன்னா கெணத்துல விழுந்துருவேன்னு சொல்லும். நீங்களே வேண்டாம்னு சொல்லிருங்க அத்தை"ன்னாளாம். கனியம்மாவும், சரி, கெட்ட பேரு என்னோட போகட்டும்னுட்டாளாம்.

நான் கெணத்துல விழுவேன்னு சொல்லியிருப்பனா? சொல்லியிருப்பேன். சொல்லுறதுதானே? விழுந்தா போயிட்டேன்? எத்தனை தடவை சொல்லியிருக்கேன், ஒரு தடவையாவது விழுந்திருக்கனா?

உண்மை தெரிஞ்சப்பறம் கோவம் போயிருக்கும்னு நெனைக்கீக. உங்க மொகத்துலயே தெரியுது. தாயி, அதுக்கு அப்புறந்தான் எனக்குக் கோவமே வந்துச்சு. தட்டைத் திருப்புனது ஒரு பெரிய காரியமா? தேங்கா உருண்டது ஒரு காரியமா? நான் பெத்த பிள்ளை. எனக்கு ஒத்தைப் பிள்ளை. அதுக்கு ஒரு மனக்கஷ்டம்னா என் மடிக்கில்ல வரணும்? அவ மடியில போய்ப் படுத்திருக்கு. எங்கிட்டச் சொல்லல. அவகிட்டச் சொல்லியிருக்கு. அவளும் வாங்கி முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டு, என்னை வருசக்கணக்கா வேடிக்கை பாத்திருக்கா. என் பிள்ளையை எங்கிட்டருந்து எடுத்துக்கிட்டவளை நான் விடணுமா?

விடல. ஆனா எப்படி விடாம இருக்கிறதுன்னு யோசிச்சேன். செடியைப் பிடுங்கிட்டா அவ வேற செடி வச்சுக்கிடுவா. அப்பத்தான் ஒரு ரோசனை வந்துச்சு. நானே வருசா வருசம் வெதைக்கிறது. அவ கண்ணு முன்னாலயே வெதைக்கிறது. அவ புஞ்சை வெளையுதுன்னா அது நான் போட்ட வெதையால வெளையுதுன்னு இருக்கணும். ஒவ்வொரு பருத்திக் காயைப் பறிக்கும்போதும் என் நெனப்பு வந்து அவளுக்குக் குத்தணும். என் தயவுல வாழு! இதை விடப் பெரிய பழி உண்டா? காய் பறிச்சுக் காயவச்சு ஓலைப்பெட்டியில போட்டுக் கட்டிலுக்கடியில வச்சிருப்பேன். புரட்டாசி வந்ததும் எடுத்து, தேச்சு, ஊறப்போட்டு, வெதைப்பேன். அவளும் "வா கொழுந்தியா, மோரு குடிக்கியா"ம்பா. குடிக்க மாட்டேன். ஒரு தடவை குடிச்சேன், வெயிலு ரொம்ப. அது வேற.

என் புஞ்சையில ஏன் வெதைக்கலன்னு கேக்கீகளா? எதுக்கு வெதைக்கணும்? என் பருத்தி போனாப் போகட்டும். பழி வாங்குறதுக்கு வச்சிருக்கிற வெதையை நமக்குப் போட்டுக்கிட்டா அப்புறம் அது பழியா?

இந்த வருசம் பெட்டியைத் திறக்கேன், பாதிதான் இருக்கு. எலி தின்னுருக்கும். இருந்ததை அவ வரப்புல கொண்டு போய்ப் போட்டேன். போட்ட மறுவாரமே எனக்குக் காய்ச்சல். மூட்டு மூட்டா விட்டுப் போச்சு, எந்திரிக்க முடியல. மாரீஸ்வரி அப்பவே ஊர்லதான் இருந்தா, இன்னும் லீவு சொல்லிட்டு இருந்து பாத்தா. பாவம், அவளுக்கும் முடியல. ஆசுபத்திரியில கையில போடுற உறை ஒத்துக்கிடலையாம், ரெண்டு உள்ளங்கையும் செவந்து தடிச்சுக் கெடந்துச்சு. நான் படுத்த படுக்கையிலயே அவ கையை இழுத்து வச்சுத் தேங்காண்ணெய் தடவி விட்டேன். பேசிக்கிட்டே இருந்தா பிள்ளை. அந்த நாலு நாளுதான் எனக்குன்னு இருந்தா.

அப்புறம் காட்டுப்பக்கமே வரல நானு. நேத்துத்தான் வந்தேன். வந்து பாத்தா என் வரப்புல, வரிசையா, இடைவெளி விட்டு, பூத்து நிக்குது! என் பருத்தியைப் பாத்தேன். ஒரு காய் சொத்தை இல்ல. எங்க வீட்டுக்காரரு தெனமும் வந்து டப்பாவுல உலுப்பியிருக்காரு. யாரு வெதச்சதுன்னு கேட்டா, "மொளைச்சிருக்கு"ங்காரு. அவரைக் கேட்டா அப்படித்தான் சொல்லுவாரு. மொளைக்குமா தானா இப்படி? எனக்கா தெரியாது? தேய்க்காம இது மொளைக்காது.

கனியம்மா வேலைதான். வேற யாரு? நான் அவளுக்குச் செஞ்சதை அவ எனக்குத் திருப்பிச் செய்தா. என்னையும் அவ தயவுல நிக்க வைக்கப் பாக்கா. என் பிள்ளையை எடுத்தா, இப்பம் என் புஞ்சையையும் காப்பாத்தி வச்சுட்டு நன்றி சொல்லுன்னு நிப்பா. நேத்துச் சாயங்காலமே போய்க் கேட்டேன். "சாமி சத்தியமா நான் இல்ல கொழுந்தியா. தேய்க்கணும்னு எனக்கு எங்க தெரியும்? நீ மொளைக்கிறதைத்தான் பாத்திருக்கேன்"னா. பொய்யி. அதான் வெட்ட வந்தேன்.

என்ன தாயி, அப்படிப் பாக்கீக? என்ன கேட்டீக?

எங்க அம்மிக்கல்லுல நான் தேய்க்கிறதை யாரு பாத்திருக்கான்னா? எங்க வீட்டுக்காரரு அதையெல்லாம் பாக்க மாட்டாரு. மாரீஸ்வரி பாத்திருப்பா. பக்கத்துல உக்காந்து, "எதுக்கும்மா தேய்க்கே"ன்னு கேப்பா.

பிள்ளை கையிலயா? ஆமா. ரெண்டு உள்ளங்கையிலயும்தான். கொப்புளம் கொப்புளமா.

கொஞ்சம் இருங்க.

எலி மூடியைத் திறந்து தின்னுட்டுத் திரும்ப மூடி வச்சுட்டா போகும்?

நர்ஸ் தாயி அவ. கையில உறை போட்டுக்கிட்டுக் காயை உரிக்கணும்னு தெரியாதா அந்தக் கழுதைக்கு? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல, எப்படி உரிக்கணும்னு? உள்ளங்கையை என் நெஞ்சு மேலதான் வச்சுக்கிட்டு இருந்தா. நான் தடவத் தடவ ஆசுபத்திரிக் கதை பூரா சொன்னா, வார்டுக்கதை பூரா சொன்னா, சிரிச்சா. இதைச் சொல்லல. அப்பவும் எங்கிட்டச் சொல்லல பாருங்க.

இருக்கட்டும். பொங்கலுக்கு வரட்டும் அவ. சும்மா விடுவேன்னு நெனைக்காதீக. அந்தச் சால்வையை எடுத்து அவ கழுத்துல போத்தி, ஊரைக் கூட்டி நிக்க வைக்கேன். நான் பட்ட கூச்சத்தை அவளும் படட்டும்.

தாயி, அந்த மம்பட்டியைக் கொஞ்சம் எடுத்துத் தள்ளி வைங்க. செடி மேல சாஞ்சுக்கிட்டு இருக்கு, கெளை ஒடிஞ்சுரப் போகுது.